மழை நாளில் சொல்லும் வியாதி

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்குக் காது கேட்காது. அதனால் எங்கள் தோட்டத்தில் யாருக்கு என்ன வியாதி என்பது எல்லோருக்கும் தெரியும்.

செவிடு பிறவியிலேயே வந்ததல்ல. ஜொகூரில் செடெனாக்கிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த அந்த ரப்பர்க் காட்டில் குளிர்காய்ச்சல் வராத ஆள் கிடையாது. மற்றவர்களுக்குக் கொய்னா மாத்திரை கொடுக்கும் வேலையில் இருந்தவர் தனக்கும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டார். வருஷக்கணக்கில் தின்ற கொய்னா அவர் காதை அடைத்துவிட்டது. “காதுக்குள்ள எந்நேரமும் ரயிலு ஓடுதுடா. நீ அதுக்கு மேல கத்து” என்பார். நாங்கள் கத்துவோம். அவரும் அந்த ரயிலுக்கு மேலேதான் பதில் சொல்வார்.

ஆள் குள்ளம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையுமாகத் துரைக்குத் தம்பி போல நடப்பார். ஜப்பான்காரன் வந்து துணி கிடைக்காமல் போன பிறகு அரைக்கால் சட்டையைக் கோணிச்சாக்கில் தைத்துக்கொண்டார். காலுறையை மட்டும் விடவில்லை. கழுத்தில் ஜெபமாலையும் நெஞ்சைச் சோதிக்கும் குழாயும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தொங்கும். காது கேட்காதவருக்கு அந்தக் குழாய் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அதை நம் மார்பில் வைத்துவிட்டு அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். பெரும்பாலும் அதிலேயே வியாதியைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை உடனே ஊருக்குச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் காலை, பேர் பதியும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க, கங்காணி கையில் பிரம்போடு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த டிரஸ்ஸர் அவரைப் பார்த்துவிட்டார். “யோவ் கங்காணி! மூலம் உள்ள போயிடுச்சா, இன்னும் வெளியதான் நிக்குதா?” என்று கேட்டார். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரஸ்ஸர் விடவில்லை. “குந்த முடியுதாய்யா?” என்றார். அதன்பிறகு பல நாள் கங்காணி எங்களைத் திட்ட வாயெடுத்தால் யாராவது ஒருவன் மரியாதையாக ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போடுவான்.

ஆஸ்பத்திரியை ஒட்டியே அவர்கள் குடியிருப்பு. டிரஸ்ஸரம்மா அடுப்படியில் இருந்தபடியே புருஷனோடு பேசுவார். வேறு வழியில்லாததால் அந்த அம்மாவுக்கும் தொண்டை பழகிவிட்டது. அவர்களுடைய சண்டை எங்களுக்குக் கேட்கும், சமாதானமும் கேட்கும். “கருவாட்டுத் தலைய உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், வந்து தின்னுட்டுப் போங்க!” என்று அந்த அம்மா கூப்பிட்டால் எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் பாதிப் பேருக்கு எச்சில் ஊறும். எல்லோரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒளித்து வைத்த அரிசி, ஒளித்து வைத்த பெண்பிள்ளை, யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற சேதி, எல்லாம் காதோடு காதாகத்தான் போகும். ஜப்பான்காரனைத் தவிர எங்கள் தோட்டத்தில் சத்தமாகப் பேசியது இவர்கள் இருவரும்தான்.

இப்படிப்பட்ட மனிதரிடம் வெளியே சொல்ல முடியாத வியாதியை எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மழைக்குக் காத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குத் தகரக் கூரை. நல்ல மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. அப்போது போய் அவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்திவிட்டு, அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொட்டுகிற மழையில் ஒருவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினால், அவனுக்கு என்ன மாதிரி இடத்தில் வியாதி என்று லயமே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இதை யாரும் யோசிக்கவில்லை.

ஜப்பான்காரனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. முதன்முதலில் அதிகாரி ஒருவன் தோட்டத்துக்கு வந்தபோது கணக்கெழுதும் கிராணி நடுங்கினார், கங்காணிக்கு வாய் குழறியது. அதிகாரி டிரஸ்ஸரைப் பார்த்து ஏதோ குரைத்தான். டிரஸ்ஸர் குதிகாலைச் சேர்த்துவைத்து, “ஹை! கொய்னா இல்ல! பஞ்சு இல்ல! ஒண்ணுமில்ல! கொண்டா!” என்று அவனைவிடச் சத்தமாகக் குரைத்தார். ‘ஹை’ தவிர மற்றதெல்லாம் தமிழில்தான். அறை விழப்போகிறது என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். அதிகாரியோ சந்தோஷமாகத் தலையை ஆட்டினான். பட்டாளத்துக்காரனுக்கு வேண்டிய குரல் அது. போகும்போது ஒரு சிகரெட் பெட்டியும் கொடுத்துவிட்டுப் போனான். “செவிட்டுக்கு வந்த யோகத்தப் பாரு” என்று கங்காணி வயிறெரிந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

எனக்குக் கலியாணம் ஆனது அந்தச் சமயத்தில்தான். யோங் பெங் பக்கத்துத் தோட்டத்துப் பெண். வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்திருந்தால் சிப்பாய்கள் கண்ணில் படும் என்ற பயத்தில் அவளைப் பெற்றவர்கள் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். மரவள்ளிக்கிழங்குதான் கலியாணச் சாப்பாடு. அவசரக் கலியாணம் என்றேன் அல்லவா, மற்றதும் அவசரமாகத்தான் முடிந்தது. தொடங்கினேன் என்று நான் நினைப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பழக்கமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் அதே கதை.

எங்கள் லயத்து வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே நீளக் கட்டடம், வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு. அந்தப் பலகையும் கூரை வரை போகாது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். துணித்திரைக்கு அப்பால் அம்மாவும் அப்பாவும், பலகைக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிழவரின் இருமல். அங்கே யாராவது வெற்றிலை மென்றால் இங்கே கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு காரியத்தை ஓடி முடித்துவிட்டுக் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேசாமல் இருந்தே என்னைத் திட்டுகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பொந்தியான் பக்கத்திலிருந்து ஒருத்தன் லேகியம் கொண்டுவருவான். ஆண்பிள்ளைக்கு ஒரு சொட்டுப் போனால் உடம்பில் ஒரு குவளை ரத்தம் போன மாதிரி என்று கணக்குச் சொன்னான். அவன் லேகியத்தில் பாதி மரவள்ளி மாவு. மலாய்க்கார நண்பன் ஒருவன் காட்டு வேர் ஒன்றைக் கொடுத்து அவித்துக் குடிக்கச் சொன்னான். கசப்பில் நாக்கு செத்ததே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக என்னோடு பாலுக்கு மரம் வெட்டியவன் ஒருவன், தலைவலித் தைலத்தைத் தடவினால் மரத்துப்போகும், நேரம் நீளும் என்றான். அம்மாவும் அப்பாவும் கிழங்குக் கொல்லைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் தடவினேன். நேரம் நீண்டது உண்மைதான். பொழுது சாயும்வரை கிணற்றடியில் குந்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒன்றும் கேட்காமல் இறைத்துக் கொடுத்தாள். அந்த வாளியில் விழுந்து செத்துவிடலாமா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் சேர்த்தார்கள். ரயில் பாதை போடும் வேலை. “மூணே மாசம். அங்க அரிசி கொட்டிக் கிடக்குதாம். திரும்பக் கொண்டாந்து விட்டுடுவாங்க” என்று கங்காணி வீடு வீடாகச் சொன்னார். மற்றவர்களுக்கு அரிசி ஆசை. எனக்கு அந்தத் துணித்திரைக்குப் பின்னாலிருந்து ஓடிப்போனால் போதும் என்று இருந்தது. நான் இல்லாவிட்டால் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள், அவளாவது நன்றாக இருப்பாள் என்று பெரிய தியாகி மாதிரி நினைத்துக்கொண்டேன். அடுத்த பெரட்டில் பேர் கொடுப்பதாகக் கங்காணியிடம் சொல்லியும் விட்டேன்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. போகிறதுதான் போகிறோம், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். லயமே வாசலில் நின்று பார்த்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் நிறையப் பேர். கங்காணியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், உட்காராமல். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டிரஸ்ஸர் குழாயை என் மார்பில் வைத்து முகத்தைப் பார்த்தார்.

“நெஞ்சுல ஒண்ணுமில்ல. வேற எங்கே?”

“ஐயா, கலியாணமாகி... வந்து...”

“ரயிலுக்கு மேல கத்து!”

கூரையில் மழை இடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கத்தினேன்.

“தொட்ட ஒடனே முடிஞ்சு போகுது ஐயா!”

நம் ஜொகூர் மழை சொல்லாமல் வரும், சொல்லாமல் நிற்கும். நான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோதே நின்றுவிட்டது. என் குரல் தகரக் கூரையில் மோதி, தாழ்வாரத்தைத் தாண்டி, தண்ணீர்க் குழாயடிக் கொட்டகையில் ஒதுங்கியிருந்த பெண்கள் வரைக்கும் போனதாகப் பிறகு சொன்னார்கள். நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். டிரஸ்ஸருக்கு என்ன? மழை நின்றது அவருக்குத் தெரியாது. அவர் கொட்டுகிற மழைக்கான குரலிலேயே ஆரம்பித்தார்.

“முந்திக்குதா? அட, இதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கே? இந்தத் தோட்டத்துல பாதிப் பேருக்கு இதாண்டா!”

தாழ்வாரத்தில் ஒரே இருமலும் செருமலும். மழை விட்டுவிட்டதே என்று பேசிக்கொண்டு நாலைந்து பேர் வேகமாக நடையைக் கட்டினார்கள்.

“ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைக்கே இருந்துச்சுடா! பங்களா, மெத்தை, காத்தாடி எல்லாம் வச்சிருந்தவன்! இதே நாற்காலியில ஒக்காந்து இங்கிலீஷ்ல அழுதான்!”

“ஐயா, மழை நின்னுடுச்சு” என்று கையைக் காட்டினேன். மழை இன்னும் பலத்துவிட்டது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலை இன்னும் ஏற்றினார்.

“ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல. இது பழக்கம். லயத்துல பொறந்தவன் எவன்டா இத நிதானமா செஞ்சிருக்கான்? அப்பன் இருமுறதுக்குள்ள, ஆத்தா பொரண்டு படுக்கிறதுக்குள்ள முடிச்சிடணும்னு ஓடுறீங்க. ஓடி ஓடி ஒடம்பு அதையே படிச்சுக்கிச்சு. அதுக்கு மேல ஒரு பயம். இன்னிக்கும் முந்திக்குமோ, இன்னிக்கும் முந்திக்குமோன்னு நெனச்சுக்கிட்டே போனா அது வேற என்ன செய்யும்?”

லேகியக்காரன் சொன்ன ரத்தக் கணக்கைச் சொன்னேன். எப்படியும் மானம் போயாகிவிட்டது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று ஆகிவிட்டது எனக்கு. விழுந்து விழுந்து சிரித்தார். “அப்படிப் பாத்தா எட்டுப் புள்ள பெத்தவனெல்லாம் ரத்தமில்லாம செத்திருக்கணும்! நம்ம கிராணி எப்பவோ போயிருக்கணும்!” என்றார். தைலத்தையும் சொன்னேன். “எங்கே தடவினே?” என்று கேட்டார். காட்டினேன். “அங்கேயா?” என்று அவர் கேட்ட சத்தத்தில் குழாயடியில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள்.

“இனிமே அதெல்லாம் வேணாம். நான் சொல்றதக் கேளு. வரப்போகுதுன்னு ஒனக்கே தெரியும்ல? அங்கேயே நிறுத்து. அசையாதே. அது அடங்கட்டும். அடங்கினதும் மறுபடி போ. மறுபடி நிறுத்து. கொஞ்ச நாள்ல ஒடம்பு இதையும் படிச்சுக்கும். அவசரப்படாதே, அம்புட்டுத்தான்.”

அடுப்படியிலிருந்து டிரஸ்ஸரம்மாவின் குரல் வந்தது. “நிறுத்திட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லாதீங்க! அந்தப் புள்ளகிட்ட வாயத் தொறந்து பேசுனானான்னு கேளுங்க! பொம்பளையும் ஒரு ஆளுதானே அங்க!”

டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இவ சொல்றதுதான்டா மருந்து. எனக்கும் இவதான் சொன்னா!”

புருஷனுடைய பழைய வியாதியும் இப்படி வெளியே வந்துவிட்டதே என்று அந்த அம்மா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளே கரண்டிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

எழுந்திருக்கும்போது, “நாளைக்குச் சயாமுக்குப் பேர் குடுக்கப்போறேன் ஐயா” என்று கத்தினேன். அவர் முகம் மாறிவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, என் காதுக்குள் வாயை வைத்தார். எங்கள் டிரஸ்ஸருக்கு மெதுவாகவும் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“போகாதே. அங்கேருந்து ஓடியாந்த ஒருத்தனுக்கு இங்க ஒளிச்சு வச்சு மருந்து போட்டேன். கால்ல எலும்பு தெரியுது. கூடப் போனவங்க காட்டுல செத்துச் செத்து விழுறாங்கன்னு சொல்றான். போகாதேடா.”

அந்தக் குசுகுசுப்பு எனக்குள் இறங்கியதுபோல அவர் கத்தியது எதுவும் இறங்கவில்லை.

லயத்துக்குத் திரும்பி நடந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வாசலுக்கு வாசல் ஆட்கள். ஆனால் ஆண்கள் யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் என்று அவர் சொன்ன கணக்கில் தானும் சேர்த்தியா என்று அவனவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தைலம் சொல்லிக்கொடுத்தவன் மட்டும் ஓடிவந்து, “நிறுத்திட்டு எம்புட்டு நேரம் இருக்கணும்னு சொன்னாரு?” என்று காதைக் கடித்தான்.

என் மனைவி வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் குழாயடியில் இருந்திருக்கிறாள், எல்லாம் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

“எம்மேலதான் குத்தம்னு நெனச்சேன்” என்றாள். “என்னைப் பிடிக்கல, அதான் சீக்கிரம் முடிச்சுட்டுத் திரும்பிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

“நீதான் திரும்பிக்கிறே.”

“அழுவுறது தெரியக்கூடாதுன்னு திரும்பிக்குவேன்.”

கட்டின நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு, “அவ்வளவு தைலத்தையுமா தடவினீங்க?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கிழங்குச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் பெரட்டில் நான் பேர் கொடுக்கவில்லை. “அவனுக்கு வீட்டுல வேல கெடக்கு” என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மொத்தமே இரண்டு மூன்று பேர்தான் பேர் கொடுத்தார்கள். பேர் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு இனி ஜப்பான்காரன் ஆட்களைப் பிடித்து லாரியில் ஏற்றத்தான் வருவான் என்று டிரஸ்ஸருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று மாலையே கையில் சிவப்பு மருந்துப் புட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

“இவனுக்கு அம்மை போட்டிருக்கு!” என்று அறிவித்தார். “இவன் பொண்டாட்டிக்கும் போட்டிருக்கு! ரெண்டு பேரையும் தனி வார்டுக்குக் கொண்டு போறேன்! யாரும் பக்கத்துல வராதீங்க!”

எங்களுக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. அவர் எங்கள் கையிலும் முகத்திலும் சிவப்பு மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்ததை லயமே பார்த்தது. அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. “மாரியாத்தா பேரச் சொல்லி வெளையாடலாமாய்யா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மை கண்ட வீட்டில் புருஷன் பெண்டாட்டி தனித்தனிப் பாயில் படுக்க வேண்டும், மஞ்சள் நீர் ஊற்றும்வரை தொட்டுக்கொள்ளக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. இவரோ தொட்டுக்கொள்வதற்கென்றே அம்மை போட்டுவிட்டார். வார்டு வாசலில் வேப்பிலை கட்டியது டிரஸ்ஸரம்மாதான். கட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். “மாதாவும் பொம்பள, மாரியாத்தாளும் பொம்பள. கோவிச்சுக்க மாட்டாங்க. போங்க உள்ள” என்றார்.

அந்த அறையின் நாலு சுவரும் செங்கல், நாலும் கூரையைத் தொட்டிருந்தன. அப்படி ஓர் அறைக்குள் நாங்கள் இருவரும் அதற்குமுன் படுத்ததில்லை. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கு மட்டும் கேட்டது. முதல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தோம். அவளுக்குக் கருவாட்டில் எந்தப் பக்கம் பிடிக்கும் என்றுகூட அன்றுதான் தெரிந்துகொண்டேன். டிரஸ்ஸர் சொன்னது உடனே கைகூடிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். நிறுத்துவதற்குள் முந்திக்கொண்டது. அவள் சிரித்தாள். முன்பெல்லாம் அவள் சிரித்திருந்தால் செத்தே போயிருப்பேன். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். மறுபடி முயன்றோம். “இப்ப நிறுத்துங்க” என்று அவளே சொல்லத் தொடங்கிய பிறகுதான் விஷயம் வழிக்கு வந்தது. நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்த நேரங்களில்தான் எனக்கு அவள்மேல் ஆசை உண்டானது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகும் டிரஸ்ஸரம்மா ஒவ்வொரு வேளையும், “அம்மை எறங்குதா?” என்று கத்திக் கேட்பார். உள்ளே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். “எறங்குற மாதிரி தெரியலயே!” என்று அவரே சொல்லிக்கொண்டு போவார்.

லாரி ஒரு விடிகாலையில் வந்தது. துப்பாக்கிச் சிப்பாய்கள் லயத்தைச் சுற்றி நின்றுகொண்டு கண்ணில் பட்ட ஆண்களை ஏற்றினார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்த கங்காணியையும் ஏற்றினார்கள். நாங்கள் ஜன்னல் பலகை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பு சிகரெட் கொடுத்த அந்த அதிகாரி எங்கள் வார்டை நோக்கி நடந்து வந்தான். டிரஸ்ஸர் அவனுக்கு முன்னால் ஓடிவந்து வாசலை மறித்து நின்றார். “அம்மை! பெரியம்மை!” என்று கத்தினார். தன் முகத்தில் விரலால் குத்திக் குத்திக் காட்டினார், கழுத்தை வெட்டுவதுபோல் காட்டினார், நாக்கை நீட்டிச் செத்துக் காட்டினார். அதிகாரி வேப்பிலையைப் பார்த்தான். பின்வாங்கினான். சிப்பாயிடம் கைக்குட்டை வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

நாங்கள் மூச்சு விட்டோம். அதிகாரி லாரி வரை போனான். அங்கே நின்று திரும்பினான். இத்தனை ஆட்களைக் கொண்டுபோனால் அவர்களுக்கு மருந்து போட ஒருவன் வேண்டும், அவன் இப்படிக் குரல் உள்ளவனாக இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பான். டிரஸ்ஸரைப் பார்த்து விரலை நீட்டினான். பிறகு அந்த விரலை லாரிக்குக் காட்டினான். அதைப் புரிந்துகொள்ளக் காது வேண்டியதில்லை.

அவர் உள்ளே போய் மருந்துப் பெட்டியை எடுத்துவந்தார். காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு லாரியில் ஏறினார். டிரஸ்ஸரம்மா அடுப்படி வாசலில் நின்றார். கிட்டப்போகச் சிப்பாய் விடவில்லை.

“ஜெபமாலைய எடுத்துக்கிட்டீங்களா?” என்று கத்தினார்.

“கழுத்துலதான் கெடக்கு!”

“கொய்னாவ நீங்களே தின்னுப்புடாதீங்க!”

“சரி!”

தோட்டமே கேட்டது. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அவ்வளவுதான்.

அந்த லாரியில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. சண்டை முடிந்து, மற்றத் தோட்டங்களுக்கு எலும்பும் தோலுமாகச் சிலர் வந்து சேர்ந்தார்கள். டிரஸ்ஸரம்மா ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் குள்ளமாக, சத்தமாகப் பேசுகிற ஓர் ஆளைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு மகன்களும் மகள்களும் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த மனிதர் இல்லாவிட்டால் இவர்களில் ஒருவரும் கிடையாது. அதை நினைக்காமல் நான் ஒரு மழையையும் பார்த்ததில்லை.

அன்றைக்குப் புறப்பட்ட அந்த லாரி ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வார்டு ஜன்னலை ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. ஏறியவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், பின்னாலேயே பெண்கள் அழுதுகொண்டு ஓடிவந்தார்கள். ஜன்னலுக்கு நேரே வந்ததும் அந்த அழுகைக்கெல்லாம் மேலே அவர் குரல் எழுந்தது.

“டேய் அம்மைக்காரா! மெதுவாடா! நிறுத்தி நிறுத்தி! அவசரப்படாதே! கேக்குதா?”

ஒரு நொடி அழுகை நின்றது. பிறகு லாரிக்குள் யாரோ சிரித்தான். அடுத்தவன் சிரித்தான். கங்காணி சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. லாரி முழுக்கச் சிரித்தது. பின்னால் ஓடிவந்த பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். துப்பாக்கிக்காரன் ஒன்றும் புரியாமல் முழித்தான்.

நான் பதில் கத்த வாயைத் திறந்தேன். என் மனைவி என்னைத் தள்ளிவிட்டு ஜன்னல் பலகையில் முகத்தை வைத்து அழுத்தினாள். கலியாணமான நாளிலிருந்து பலகைக்கு அப்பால் கேட்டுவிடக்கூடாது என்று மூச்சை அடக்கியே பழகியவள், அவர் காதுக்குள் ஓடும் ரயிலுக்கு மேலே கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“கேக்குது ஐயா!”